தானாக வெடிக்குமா என்று கேட்கப் போன அக்காவுக்கு

அக்கா,

நேற்றுக் கடைத்தெருவால் வந்துகொண்டிருந்தபோது அந்தப் பழைய மதுச்சாலைக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. கீழே இருந்த துப்பாக்கி சுடும் கழகத்தைக் காலி செய்கிறார்கள். உடற்பயிற்சி நிலையம் ஏதோ வரப்போகிறதாம். திறந்து கிடந்த படிக்கட்டு வழியாக வாசனை மேலே வந்தது. ஈரச் சுவர், பழைய மரம், அதற்கு மேல் துவக்குக்குப் பூசும் எண்ணெய். கையில் மரக்கறிப் பையோடு நடைபாதையில் நின்று அழுதேன். என்னை உங்களுக்குத் தெரியும்தானே. உங்கள் செத்த வீட்டிலேயே அழாதவள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, யாருக்குச் சீனி போதவில்லை என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு எண்ணெய் வாசனை வந்து என்னை விழுத்திப் போட்டது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. ஹம்பேர்க்குக்கு வெளியே இந்தச் சின்ன ஊரில், ஹைம் என்று நாங்கள் சொன்ன அகதிகள் விடுதியில், உங்களுக்கும் எனக்கும் ஒரே அறை. நீங்கள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். நான் வாயை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் டொச் மொழி எனக்குக் கெதியாக வந்துவிட்டது. உங்கள் கடிதம், உங்கள் டொக்டர், உங்கள் அலுவலகச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் வாய் நான்தான்.

ஒருநாள் பின்னேரம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் தலை நிமிராமல் சொன்னீர்கள்: "எனக்கு ஒரு உதவி செய்ய வேணும். துவக்குப் பழக்கிற இடம் ஒண்டு தேடித் தா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுவருடத்துக்கு ஜேர்மன்காரர் பட்டாசு கொளுத்தினால் போர்வைக்குள் போய் முடங்குகிற ஆள் நீங்கள். "ஆரைச் சுடப் போறியள் அக்கா? என்னையோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"சுடுறதுக்கு இல்லையடி. ஒரு விசயம் கேக்கிறதுக்கு."

அன்றைக்குத்தான் உங்கள் தம்பியின் கதையை முழுதாகச் சொன்னீர்கள். இயக்கமொன்றுக்குப் போனவன். பத்தொன்பது வயது. துவக்குத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று சொல்லி, மூடின பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் இரகசியமாக வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கு அங்க இருக்க ஏலாது, விலகப் போறன்" என்று உங்களிடம் சொல்லியிருந்தான். அவர்களே சுட்டுவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். உங்கள் அப்பாவோ வந்த பொடியளைக் கூடத்தில் இருத்தி, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, படத்துக்கு மாலை போட விட்டார். அன்று தொடக்கம் அவரோடு நீங்கள் கதைக்கவில்லை. விமானம் ஏறும்போதுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"துடைக்கேக்க வெடிக்குமோ வெடிக்காதோ எண்டு எனக்குத் தெரிய வேணும். வெடிக்காது எண்டால், அப்பா என்ர தம்பியைக் கொன்றவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தவர். வெடிக்கும் எண்டால், நான் அவரிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்."

நான் தேடினேன். மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லாததால் பக்கத்து ஊர்களுக்குள்தான் தேட முடிந்தது. இந்த நாட்டில் ஊருக்கு ஒரு சுடும் கழகம் இருக்கிறது, நம் ஊரில் சனசமூக நிலையம் மாதிரி. முதலாவது இடத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டிலேயே இலவசமாகப் பழகலாமே" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்டபோது, இடம் இல்லையாம் என்று மொழிபெயர்த்தேன்.

இரண்டாவது இடத்துக்காரர் அதைவிட மோசம், ஏனென்றால் அன்பானவர். கதிரை தந்து, கோப்பி தந்து, பத்திரிகையை விரித்து வைத்து, உங்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டார். பிறகு தானே அதற்குப் பதிலும் சொன்னார். அரை மணித்தியாலம் சொன்னார். நீங்கள் கோப்பியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி எழும்பிவிட்டீர்கள். "என்ர தம்பியைப் பற்றிக் கேக்கப் போனால் நாட்டைப் பற்றிக் கதைக்கிறான்" என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள்.

மூன்றாவதுதான் இந்த மதுச்சாலையின் கீழ்த்தளம். புதிதாகத் துவக்கு வாங்கினவர்களுக்கும் வாழ்க்கையில் அதைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புதன்கிழமை பின்னேர வகுப்பு. நடத்தினவர் ஃப்ராவ் பீட்டர்சன், மாட்டுப் பண்ணைக்காரி, ஆளும் பெரிது, குரலும் பெரிது. நான் எங்களைப் பற்றி விளக்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். "எந்த நாடு, எந்தக் கட்சி, எந்தக் கடவுள், எல்லாம் மேலே கோட்டோடு சேர்த்துக் கொழுவிவிட்டு வாருங்கள். கீழே குளிராது." அதை உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் உண்மையாகவே கோட்டைக் கழற்றிக் கொழுவினீர்கள். கீழே நன்றாகக் குளிர்ந்தது.

முதல் நாள் அவர் யாரையும் சுட விடவில்லை. துவக்கைத் திறக்க மட்டும் பழக்கினார். திறக்க வேண்டும், உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, "வெறுமை" என்று வாயால் சொன்ன பிறகுதான் மேசையில் வைக்கலாம். உங்களுக்குப் பக்கத்தில் ஹெர் யான்சன். இளைப்பாறின தபால்காரர், கிழமைக்கு ஒருமுறை மட்டும் சிரிக்கிறவர், வாழ்நாளில் முதல் தடவையாகத் துவக்கு வாங்கியிருந்தார். அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வருவார். நீங்கள் அவருக்குத் திறந்து காட்டுவீர்கள், அவர் உங்களுக்குத் திறந்து காட்டுவார். உங்களுக்கு வாயில் வந்த முதல் உருப்படியான டொச் சொல் அந்த "வெறுமை"தான்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டீர்கள்: "எங்கட பொடியளுக்கு இதை ஆரும் சொல்லிக் குடுத்திருப்பினமோ?"

ஹைமில் கதை பரவிவிட்டது. இயக்கத்துக்குக் காசு சேர்க்க வருகிற பொடியன் ஒருவன் ஒருநாள் வாசலில் நின்று, "அக்கா பயிற்சிக்குப் போறியளாம், நல்ல விசயம், நாளைக்கு உதவும்" என்றான். நீங்கள் அவனை உள்ளே கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, அவன் கைகழுவும் வரை பொறுத்திருந்து சொன்னீர்கள்: "தம்பி, நான் போறது எனக்காக. உங்களுக்காக ஏற்கெனவே ஒருத்தன் எங்கட வீட்டிலயிருந்து போயிட்டான்." அவன் திரும்ப வரவில்லை.

நீங்கள் மாதக்கணக்காகப் போனீர்கள். சுடுவதில் நீங்கள் ஒரு சதத்துக்கும் உதவாத ஆள், அதை இப்போதாவது சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால் எந்தப் பலகையில் பட? ஃப்ராவ் பீட்டர்சன் உங்கள் தோளைப் பிடித்து, "கண் இரண்டும் கடவுள் தந்தது, ஒன்றையாவது திறந்து பாவியுங்கள்" என்பார். நீங்கள் கொண்டுபோன உள்ளியும் மிளகாயும் போட்ட வடையைத் தின்று ஹெர் யான்சன் கண்ணீர் விட்டதும், அடுத்த புதன் வெறும் தட்டோடு வந்து நின்று இன்னும் இருக்கிறதா என்று கேட்டதும் அந்தக் காலத்தில்தான். நாங்கள் அங்கே சந்தோசமாக இருந்தோம். அதைச் சொல்ல உங்களுக்கு எப்போதும் கூச்சம்.

கேட்க வந்ததை நீங்கள் கேட்டது மாசி மாதத்தில். மொழிபெயர்த்தவள் நான். "துவக்குத் துடைக்கேக்க தானா வெடிக்குமோ எண்டு கேள்." கேட்டேன். ஃப்ராவ் பீட்டர்சன் நேரே உங்களைப் பார்த்துச் சொன்னார்: "தானாக வெடிக்காது. யாராவது எதையாவது மறந்திருக்க வேண்டும்." இரண்டு வசனத்தையும் அப்படியே சொன்னேன். உங்கள் காதில் முதல் வசனம்தான் விழுந்தது. "கேட்டியோ? தானா வெடிக்காதாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். முகம் தெளிந்திருந்தது. கோபப்பட உங்களுக்கு உரிமை கிடைத்துவிட்டது.

அடுத்த புதன்கிழமைதான் அது நடந்தது. ஹெர் யான்சன் சுட்டுக்கொண்டிருந்தபோது மேலே அவருக்குத் தொலைபேசி வந்தது. மகள் பேசினாள். பேசிவிட்டு இறங்கி வந்தவர், தான் ஏற்கெனவே திறந்து காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டார். நாங்களும் கேட்கவில்லை. அவர்தானே எங்கள் எல்லாரிலும் கவனமான ஆள். துவக்கைத் துடைக்கிற மேசைக்குக் கொண்டுபோனார். உள்ளே இருக்கிற சுருள்வில் இளகட்டும் என்று வெறும் துவக்கின் விசையை ஒருமுறை இழுத்துவிடுவது அங்கே பழக்கம். இழுத்தார்.

வெடித்துப் பாய்ந்த ரவை சுவர்ப் பலகைக்குள் போய்விட்டது. ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம்! நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எழும்பிப் பார்த்தால் ஹெர் யான்சன் வெளிறிப்போய்க் கதிரையில் இருக்கிறார். நீங்கள் ஓடவில்லை, காதைப் பொத்தவில்லை. அவருக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மொழிபெயர்ப்புக்கு என்னைப் பார்க்காமல், உங்களுடைய ஓட்டை டொச்சில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்: "நீங்கள் தெரியாது? உண்மையாக, நீங்கள் தெரியாது?"

"வெறுமை என்றுதான் நினைத்தேன்" என்று அந்த மனிசன் அழுதார். "சத்தியமாக வெறுமை என்றுதான் நினைத்தேன்."

நீங்களும் அழுதீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன், மடைச்சி. படியேறும்போது சொன்னீர்கள்: "அவனும் இப்பிடித்தான் நினைச்சிருப்பானோ? பக்கத்தில பார்த்துச் சொல்ல ஒருத்தரும் இருந்திருக்கமாட்டினமோ?" அதுவரை உங்களுக்குக் கோபப்படத் தம்பியைக் கொன்றவர்கள் இருந்தார்கள். அன்றைக்குத்தான் தம்பி செத்துப்போனான்.

சனிக்கிழமை தபால் கந்தோரில் இருந்து ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். சந்திக் கடைக்கு எடுத்து, அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, பிறகு திரும்ப எடுத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் நானும் உங்களோடு நெருக்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் சுகம்கூடக் கேட்கவில்லை.

"அப்பா, அது துடைக்கேக்க வெடிச்சிருக்கலாம். நான் கண்ணால கண்டனான். நீங்கள் நம்பினது சரியா இருக்கலாம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்தப் பக்கம் கடையில் ஆட்கள் பேசுவது கேட்டது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"நான் எங்க பிள்ளை நம்பினனான்? வீட்டில உன்ர தங்கச்சி இருக்கிறாள் எல்லோ. நீ இப்ப நம்பிறாய் எண்டால் அப்பிடியே நம்பு. எனக்கு அது காணும்."

ரிசீவரை வைத்துவிட்டு நீங்கள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றீர்கள். வெளியே ஒரு ஜேர்மன்காரி தன் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றாள். நான் கதவைத் திறந்து கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். உங்களைப் போலவே சந்தேகப்பட்ட மனிசனோடுதான் இரண்டு வருடமாகக் கோபித்திருக்கிறீர்கள். இளைய மகளைக் காப்பாற்ற அவர் பொடியளுக்குத் தலையாட்டியிருக்கிறார், படத்துக்கு மாலை போட விட்டிருக்கிறார், உங்களுடைய கோபத்தையும் வாய் திறக்காமல் வாங்கியிருக்கிறார். அந்த வருடம் சண்டை முற்றித் தொலைபேசி இல்லாமல் போனது. அப்பா போன செய்தி உங்களுக்குக் கடிதத்தில்தான் வந்தது.

எல்லாம் தெரிந்த பிறகும் நீங்கள் புதன்கிழமைகளை விடவில்லை, அதுதான் எனக்கு அதிசயம். பிறகு ஒரு ரவைகூடச் சுடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொள்வீர்கள். புதுத்துவக்கை வைத்துக்கொண்டு வெட்கத்தில் நெளிகிற விதவைகள், அப்பாவின் வேட்டைத் துவக்கைத் தொடப் பயந்த மகள்கள். வடையை நீட்டிவிட்டு, "திறக்க. எனக்குக் காட்ட" என்பீர்கள். ஹெர் யான்சன் வெட்கப்பட்டு வராமல் நின்றபோது வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தவரும் நீங்கள்தான். இலங்கைக்காரி இருக்கிற வகுப்பு பயமில்லாத வகுப்பு என்று ஊரில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். அத்தனை வருடத்தில் முதல் தடவை. "உன்ர மனசில என்ன இருக்கு? தவறி வெடிச்சதோ, சுட்டவங்களோ?"

"தெரியாது அக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியாது. அப்பா சாகேக்க அவருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாமலே நாங்கள் எல்லாரும் போறம்" என்றீர்கள். பிறகு உங்கள் தம்பிக்குப் பிடித்த சமையலைச் சொன்னீர்கள். பால் விட்ட கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த சூடைமீன், தேங்காய்ப்பூ கூடப்போட்ட புட்டு. வருடா வருடம் அவன் செத்த நாளுக்கு நீங்கள் சமைத்ததை நான் தின்றிருக்கிறேன். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவன் நாள் வருகிறது. சூடைமீனுக்கு ஹம்பேர்க் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை, அக்கா. ஆனால் அவன் பெயரைச் சொல்லி அழ இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.