மைனஸ் பக்கத்துக் கண்டென்சர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்பு இப்போதைக்குச் சொன்னபடி கேட்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அக்காவுக்கு வேலை மாற்றலாகி, வீட்டிலிருந்து நடந்தே ஆபீஸ் போய்விடுகிறாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஊசியில் நூல் கோக்க இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. போனில் சொன்னால் நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, கிடார் சத்தத்தை மாற்றும் உன் பெடலையும் அதற்குக் கரண்ட் கொடுக்க நீயே செய்த பவர் சப்ளை பெட்டியையும் என்ன செய்வது என்று கேட்டேன். தூக்கிப் போட்டுடும்மா, அப்பா எரிச்சதுதானே என்றாய். மூன்று வருடம் ஆகியும் அந்த வார்த்தை உன் வாயில் தயாராக இருந்தது. அன்றைக்கு நடந்தது என்ன? மறுநாள் நீ இசைக்குழுவில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று, பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என அவர் சுவிட்சைப் போட்டார், அவ்வளவுதான் அவர் செய்தது. ஸ்பீக்கர் ஒரு தடவை உறுமியது, கருகல் வாடை வந்தது, பெடல் செத்துப்போனது. நீங்க கை வெச்சா எதுதாம்பா உருப்படும் என்று, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாய். அடுத்த மாதம் வேலை கிடைத்து, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டாய்.

எனக்கு மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். ரேடியோ கம்பெனியில் பதின்மூன்று வருடம் ஈயம் பற்றவைத்தவள் நான், நீயோ ஒரு நாளும் என்னிடம் காட்டியதில்லை, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா என்பாய். மீட்டர் வைத்துப் பார்த்ததில் பிளஸ் பக்கம் ஒன்பது வோல்ட் சுத்தமாக வந்தது. மைனஸ் பக்கமும் ஒன்பது வர வேண்டும், இரண்டைத் தாண்டவில்லை, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் அந்தப் பக்கத்து ரெகுலேட்டர் தொட்டால் சுட்டது. டிரான்ஸ்பார்மரில் குறையில்லை. ரெகுலேட்டர்தான் போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன், அதுவும் கொதித்தது. பிறகு பக்கத்தில் இருந்த கண்டென்சரின், அதுதான் கரண்டைச் சேர்த்து வைக்கும் அந்தக் குட்டி டப்பாவின், ஒரு காலைக் கழற்றிவிட்டேன், மீட்டர் முள் ஒன்பதில் வந்து நின்றது. பார்த்தால் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறாய். பிளஸ் பக்கம் வைத்த மாதிரியே இங்கேயும் வைத்துவிட்டாய், மைனஸ் பக்கத்தில் அதன் பிளஸ் கால் கிரவுண்டுக்கு அல்லவா போக வேண்டும். அப்படி வைத்தால் உடனே போகாது, சில நாள் ஓடும், உள்ளுக்குள் வெந்து வெந்து ஒருநாள் உயிரை விடும், பெடலையும் சேர்த்துக் கொண்டுபோகும். அது அவர் சுவிட்ச் போட்ட நாளாகிவிட்டது. அப்பா மாற்றியிருப்பார் என்று மட்டும் சொல்லாதே. ஈயத்தை மேடாகக் குவிப்பது உன் கை, பெட்டி முழுக்க அப்படித்தான் இருக்கிறது, எனக்குத் தெரியாதா.

கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அப்ப நான் இல்லையா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். துணியை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்தார். பிறகு, அவன்கிட்ட சொல்லிடாத, தனியா இருக்கிற பையன், மனசு ஒடஞ்சிடுவான் என்றார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவர் மனசு உடைந்ததை யார் பார்த்தது? என் மேலும் தப்பு இருக்கிறது. அன்றைக்கே நான் திறந்து பார்த்திருந்தால் ஒரு மணி நேர வேலை. புரியாது என்று சொல்லிவிட்டாயே என்ற வீம்பில் நானும் சும்மா இருந்துவிட்டேன், அந்த வீம்புக்கும் விலை கொடுத்தது அவர்தான். உண்மை தெரிந்தால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்று வருடமாக இஸ்திரிப் பெட்டி சுவிட்சைக்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் போடச் சொல்கிறார், தையல்காரர். இன்று காலையும் கூப்பிட்டார்.

நேரத்துக்குத் தூங்கு, வெளிச் சாப்பாட்டைக் குறை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பெற்ற வயிறு நினைக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எனக்குப் போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன். அவர் நம்பருக்குப் போடு. மன்னிப்பு என்ற பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், நான்தாம்பா தப்பா வெச்சேன் என்று சொல், போதும். பரவாயில்லடா, சாப்டியா என்றுதான் கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டு நீ எப்படி நிற்கப்போகிறாய் என்பது உன் பாடு.

இப்படிக்கு,
உன் அம்மா