ஐந்தாவது தோணி

செங்கலடி
18.07.2024

அன்புள்ள பாலசுந்தரி,

நீங்கள் பஸ்ஸில் அனுப்பிய ஆறு படங்களும் மடிப்பு விழாமல் வந்து சேர்ந்தன. கண்டக்டர் படங்கள் சுருட்டிய குழாயைச் சீற்றுக்கடியில் தள்ளாமல் மேல்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. கச்சான் காற்றில் வீடெல்லாம் மண். படத்தைக் காயவைத்தால் மண்ணும் சேர்ந்து காய்கிறது.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய கட்டைவிரலை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அது. படங்களைப் பற்றிக் கடிதத்தில்தான் பேசுவது என்று நான்கு வருடமாக வைத்திருக்கிறோம். போனில் என்றால் இருவரும் ‘வடிவு, வடிவு’ என்று சொல்லி வைத்துவிடுவோம்.

நமக்கு ஞாயிறு வகுப்பு எடுத்த ஹியூபர்ட் சேர் அடுத்த மாதம் டவுனில் நடத்தும் கண்காட்சியில் ஆளுக்கு ஒரு படம்தான் என்பதால், எதை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் தேறாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். தூரிகைகளை உங்கள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இதோடு விட்டுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தூரிகைகள் உங்களிடமே இருக்கட்டும். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

சித்தாண்டித் திருவிழாப் படம் வேண்டாம். கூட்டத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். நாற்பது பேருக்கும் ஒரே முகம். அது உங்கள் முகம் என்று என் மகள் சொல்கிறாள். காவடிக்காரருக்கும் உங்கள் மூக்குத்தான்.

கருவாடு காயப்போடும் பெண்ணின் முதுகு வளைவு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இரண்டு கைகளையும் கடகத்துக்குள் விட்டுவிட்டீர்கள். போன வருடம் நெல் புடைத்தவளின் கைகள் சுளகுக்குப் பின்னால் இருந்தன. அதற்கு முதல் வருடம் சேலைக்குள். உங்களுக்குக் கை வரையப் பயம். இடது கையை மேசையில் வைத்து நாளுக்கு ஒருமுறை வரையுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது.

வாவிக்கரையில் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்ணாக்காட்டில் டியூபிலிருந்து பிதுக்கிய பச்சை அப்படியே இருக்கிறது. கண்ணா இலைக்கு அவ்வளவு சந்தோஷம் கிடையாது. கொஞ்சம் சிவப்புக் கலந்து அடக்குங்கள். நண்டுப் படமும் வாழைப்பூப் படமும் பரவாயில்லை. சுவரில் மாட்டினால் யாரும் கழற்றச் சொல்லமாட்டார்கள்.

மிஞ்சுவது பனிச்சங்கேணிப் பாலத்தடியில் ஐந்து தோணிகள் நிற்கும் படம். விரித்த உடனேயே கண்காட்சிக்கு இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீலம் என்று ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனாலும் தண்ணீர்.

இதுவரை எழுதியது இலகு. இனிமேல்தான் கஷ்டம்.

அந்தப் படத்தில் நான் ஒரு பிழை கண்டேன். ஐந்து தோணிகளும் முன்முனையில் கயிறு போட்டுக் கம்பில் கட்டியிருக்கின்றன. நான்கு தரையைப் பார்க்கின்றன. ஐந்தாவது மட்டும் கடலைப் பார்க்கிறது. மற்றவற்றைவிடத் தாழ்ந்தும் நிற்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துவிட்டு இருபது வருடமாக அதையே படிப்பிக்கிறவள். ஒரே காற்று, ஒரே நீர், ஒரே மாதிரிக் கயிறு என்றால் ஐந்தும் ஒரு பக்கம்தான் பார்க்கவேண்டும். திசையிலும் அளவிலும் தவறவிட்டீர்கள் என்று முடிவு செய்தேன். கண்காட்சியில் யாரும் உங்களைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று, போன சனிக்கிழமை பின்னேரம் என் தூரிகையால் அந்தத் தோணியைத் திருப்பி, உயர்த்தி வரைந்தேன். அக்ரிலிக், பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

ஹியூபர்ட் சேரின் வகுப்பில் இருந்த ஒரே சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்தவர் படத்தில் விரலால் காட்டலாம், தூரிகை படக்கூடாது. வகுப்பில் தானியா என் வானத்தில் ஒரு பறவையைப் போட்டாள் என்று அவளோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவளும் நான்தான்.

திங்கட்கிழமை உங்கள் தம்பி வேலன் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்துவிட்டு, நீங்கள் கொடுத்துவிட்ட முருங்கைக்காயைத் தர வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு படத்தின் முன்னால் போய் நின்றவர், குடிக்காமலே நின்றார்.

“என்ர தோணிய ஆர் ரீச்சர் திருப்பிக் கட்டினது?” என்றார்.

நான் என் விளக்கத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, கம்பஸில் தோணிக்குப் பாரம் ஏற்றிப் படிப்பிக்கவில்லையோ என்று கேட்டார். வெறும் தோணி உயர்ந்து நிற்கும், அதைக் காற்றுப் பிடிக்கும். பாரத்தோணி தாழ்ந்து நிற்கும், அதை நீரோட்டம் பிடிக்கும். கச்சான் தரையிலிருந்து அடிக்க, கடல்நீர் உள்ளே ஏறும் நேரத்தில் இரண்டும் எதிரெதிராகத்தான் பார்க்கும். முதுகு நோவில் எட்டு மாதம் வீட்டில் கிடந்தபின் அவர் தொழிலுக்குப் போன முதல் நாளாம் அது. அன்று ஐந்தில் மீனோடு வந்தது அவருடைய தோணி மட்டும்தானாம். நீங்கள் கொப்பியும் பென்சிலுமாகக் கரையில் நின்று மீனை இறக்கவே விடவில்லையாம்.

“மீன் பழுதாகுது அக்கா எண்டு நான் கத்துறன். பொறுடா, இறக்கினா தோணி எழும்பிரும் எண்டு நிக்கிறா.”

உங்களிடம் தான் சொல்லப்போவதில்லை என்றும், அதை நான்தான் சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை திரும்ப வரும்போது கடிதம் தயாராக இருக்கட்டும் என்று போனார். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது.

கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் அல்ல நான். நேற்று லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பனிச்சங்கேணிக்குப் போனேன். பாலத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். மூன்று வெறும் தோணிகள் தரையைப் பார்த்தபடி கிடந்தன. பத்து மணிக்கு ஒன்று பெட்டிகளோடு வந்து கட்டியது. கட்டியதும் மெதுவாகச் சுழன்று கடலைப் பார்த்தது. பெட்டிகளை இறக்கினார்கள். கடைசிப் பெட்டி இறங்கியதும் தோணி எழும்பி, கொஞ்சம் தயங்கி, மற்ற மூன்றின் பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் தயக்கத்துக்கு முந்திய நேரத்தைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் அதை அழித்துவிட்டேன்.

பாலத்திலிருந்து உங்கள் வீடு ஓட்டோவில் பத்து நிமிடம். வரவில்லை. எதிரில் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

என்னால் அதைப் பழையபடி வரையமுடியும். நிறங்கள் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் அதுவும் என் கைதான். அதனால் தொடவில்லை. அதைத் திரும்பக் கடலைப் பார்க்க வைப்பது உங்கள் தூரிகையாக இருக்கட்டும். கண்காட்சிக்கு அந்தப் படம்தான் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹியூபர்ட் சேரிடமும் சொல்லிவிட்டேன், நான் செய்ததையும் சேர்த்து. அவர் சொன்ன சொல்லை இங்கே எழுதவில்லை.

வேலனிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு குழாய் தருகிறேன். வெளிச்சுற்றில் உங்கள் தோணிகள். உள்ளே இருப்பது கண்காட்சிக்கென்று நான் வைத்திருந்த வட்டை வயல் படம். போன முறை உங்களுக்கு அனுப்பியபோது அதன் பின்பக்கத்தில், என் நெற்கதிரெல்லாம் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது என்று பென்சிலால் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. உங்களிடம் காட்டவில்லை. அந்தப் படத்தில் இனி நீங்கள் எங்கு வேண்டுமானாலும் தூரிகை வைக்கலாம். பறவை போட்டாலும் சரி.

படங்களை ஆகஸ்ட் மூன்றாம் திகதி சனிக்கிழமை டவுனில் கொடுக்கவேண்டும். இம்முறை குழாயைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். காலை பஸ்ஸுக்குச் செங்கலடிச் சந்தியில் நிற்பேன். அங்கிருந்து சேர்ந்து போகலாம். குழாய் மட்டும் வந்து இறங்கினால் எனக்கு விளங்கும். ஆனாலும் நீங்கள் வாருங்கள்.

வேலனின் முதுகு இனி நோகாதிருக்கட்டும். அவருடைய தோணி எப்போதும் தாழ்ந்தே கரைக்கு வரட்டும். அதைப் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

அன்புடன்,
றஞ்சிதா