தாழிட்ட கதவும் சின்ன விதிகளும்

இன்று காலை ஈஜிபுராவில் நம் புத்தர் மன்றத்தின் தரையைக் கழுவினேன். பினாயில் வாசனை எழுந்ததும் உன் ஆஸ்பத்திரி வார்டு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கேதான் சொன்னாய்: "நான் போனப்புறம் மன்றத்துல சின்னச் சின்ன விதியெல்லாம் வேணும்னா மாத்திக்கோங்க மச்சா." தலையாட்டிவிட்டு உனக்குக் காபி வாங்கப் போனேன். எதெது சின்ன விதி என்று கேட்கவில்லை.

இதே கதையை நீயே சொல்லியிருக்கிறாய் என்பதுதான் கொடுமை. பீன்யா தொழிற்பேட்டையில் நாம் லேத் ஓட்டிய தொண்ணூறுகளில், ஞாயிறு ஓதல் முடிந்ததும் பழைய பிக்குகளின் மாநாடுகளைப் பற்றிச் சொல்வாய். புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடி, அவர் சொன்னதையெல்லாம் சேர்ந்து ஓதி உறுதிசெய்தார்கள். சின்ன விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்று புத்தர் கடைசி நாட்களில் சொன்னதாக, கூடவே இருந்த சீடர் ஆனந்தர் தெரிவித்தார். எவை என்று கேட்டீரா என்றார்கள். அவர் கேட்டிருக்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எதையும் நீக்குவதில்லை என்று முடிவானது.

"ஆனந்தருக்கு அறிவு எங்க போச்சு? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று சிரித்தேன்.

"சாகப்போறவர் பக்கத்துல உக்காந்து பாரு, அப்ப தெரியும்" என்றாய்.

உன் காரியம் முடிந்து ஏழு பேர் கூடினோம். ஓதல் தொடங்கியதும் கதவைத் தாழிட வேண்டும், முடியும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது நீ வைத்த விதி. ஒருவர் அது சின்னது என்றார். இன்னொருவர் அதுதான் மன்றத்துக்கே உயிர் என்றார். "நீதானே கூட இருந்த? கேக்கறதுக்கு என்ன?" என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று கலைந்தோம்.

அடுத்த ஞாயிறே உன் மனைவி தாமதமாக வந்தாள். கார்மெண்ட்ஸில் ஓவர்டைம். உள்ளே உனக்காகத்தான் ஓதிக்கொண்டிருந்தோம். "அண்ணா, நான்தான்" என்று தட்டினாள். யாரும் அசையவில்லை. நான் எழுந்துபோய்த் திறந்தேன்.

அதோடு மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிக்குகள் கொம்புக் குடுவையில் உப்பு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்பது போன்ற வழக்குகளில், புத்தர் மறைந்து நூறு வருஷம் கழித்து வைசாலியில் சங்கமே இரண்டுபட்டதாகச் சொல்வாய். அப்போது நம்பவில்லை.

திறந்தது சரிதான், யாரிடமும் சொல்வேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்பதுதான் தெரியவில்லை. எது சின்னது என்று அன்று கேட்டிருந்தால், நீ பிழைக்க மாட்டாய் என்று உன் முகத்துக்கு நேரே நானே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். அதனால்தான்டா கேட்கவில்லை.