குளம் கடந்த கொட்டகை

பிப்ரவரி 27

மருத்துவர் எச்சரித்து மூன்று வாரம் ஆகிறது. இன்னொரு முறை நெஞ்சுவலி வந்தால், ஆம்புலன்ஸ் குளத்தின் இந்தக் கரைக்கு வந்து சேருவதற்குள் என் வீட்டுக்காரர் கார்லண்டின் கதை முடிந்துவிடும். அக்கரையில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டேன். சாமான்களும் போயாயிற்று. இவர் மட்டும் தோட்டத்து மரக்கொட்டகையை விட்டு வரமாட்டாராம். "ஷெட்டு எங்க நிக்குதோ, அங்கதான் நானும், எஃபி."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். கொட்டகைக்குள் வந்து உட்கார் என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டதில்லை. உள்ளே இருப்பதே ஒரு நாற்காலிதான். அதில் இவர்.

மார்ச் 2

சாலை வழியாகக் கொண்டுபோக முடியாது; பாலத்தைவிடக் கொட்டகை அகலம். உறைந்த குளத்தின் மேல் இழுத்துப்போவதுதான் வழி. பக்கத்து வீட்டு லெஸ்டர் பனிக்கட்டியில் துளை போட்டு அளந்தார். பதினாறு அங்குலம். இந்த வாரம் தாங்குமாம். அடுத்த வாரத்துக்கு அவர் பொறுப்பில்லையாம்.

மார்ச் 4

அடியில் சறுக்குக் கட்டைகள் பொருத்தியாயிற்று. உள்ளே இருப்பதைக் காலி செய்யச் சொன்னால் ஓர் ஆணி டப்பாவைக்கூட எடுக்க விடவில்லை. இரும்பு அடுப்பு, இரண்டு படகு இன்ஜின், எல்லாம் அப்படியே. என்ன பிடிவாதம் இது!

மார்ச் 5

நாளை மாலை மழை என்கிறது ரேடியோ. காலையிலேயே இழுத்தாக வேண்டும்.

மார்ச் 6



பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி நான்கு, கயிறு பிடிக்க இருபது பேர். பாதிக் குளம் வரை நன்றாகத்தான் வந்தது. அங்கே லெஸ்டர் நிறுத்தினார். "டீ குடிக்காம எந்த வேலை முடிஞ்சிருக்கு?" எங்கள் ஊரில் இதற்கு யார் மறுப்பார்கள்? பனி மேலேயே நெருப்பு மூட்டி, ரொட்டி பிட்டு, அரை மணி நேரம் அரட்டை. நின்றால் கட்டைகளுக்கு அடியில் கம்பு செருக வேண்டும். இல்லையென்றால் பனியோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆளாளுக்கு மற்றவர் செருகியிருப்பார் என்று நினைத்திருக்கிறோம்.

இழுத்தால் அசையவில்லை. பனிக்கட்டி படீரென்று விரிசல் விட்டது. கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. விட்டுவிட்டு விலகச் சொல்லி லெஸ்டர் கத்தினார்.

இவர் உள்ளே போய்விட்டார்.

"வெளிய வாய்யா! செத்துத் தொலையப் போற!" இருபது பேருக்கு முன்னால் கத்தினேன். கதவு வழியாக ஆணி டப்பா வந்து விழுந்தது. பிறகு ரம்பம். அந்த நாற்காலி. பாரத்தைக் குறைக்கிறார். முதல் இன்ஜினை வாசல் வரை உருட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஐயோ, என்ன செய்வேன் நான்! ஓடிப்போய் உள்ளே ஏறினேன். வலி இல்லையாம், மூச்சிரைப்புதானாம். இரண்டு இன்ஜினையும் தள்ளினோம். அடுப்பின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கம் இவர். வெளியே லெஸ்டர் கோடாரியால் பனியை வெட்டிக் கட்டைகளை விடுவித்தார். கொட்டகை அக்கரைக்கு நகர்ந்தது, எங்கள் இருவரையும் உள்ளே வைத்துக்கொண்டே.

மார்ச் 7

ராத்திரி முழுக்க மழை. பனிமேல் இறக்கியதெல்லாம் குளத்தோடு போயிற்று. இவர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

மார்ச் 19

சமையலறை நாற்காலி இரண்டைக் காணோம். சண்டை போடத்தான் கொட்டகைக்குப் போனேன். காலிக் கொட்டகையில் இரண்டும் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் இவர். இன்னொன்றில் என் பழைய போர்வை மடித்துப் போட்டிருந்தது.

"உக்காரு, எஃபி. டீ ஆறுது."

உட்கார்ந்தேன்.