இரைச்சல் கேபிளில் இல்லை, மச்சான்

என் அன்பு மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். வீட்டுச் சேதியெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அக்காவும் ஜெயித்துவிட்டாள். ஒரே சண்டையில் புருஷனும் பெண்டாட்டியும் எப்படி ஜெயிக்க முடியும் என்று கேட்கிறீர்கள்தானே? கேளுங்கள்.

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அக்கா எழுதிய பாட்டுகளை நம் வீட்டு நடு அறையில்தான் பதிவு செய்ய ஆரம்பித்தீர்கள். பத்து பாகாட் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு மைக் செட் வைத்த மனிதர், மனைவி பாட்டுக்காக மெத்தையைச் சுவரில் சாய்த்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பீர்கள். அப்படியும் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல். ஜன்னலுக்கு வெளியே வண்டு சுற்றுகிற மாதிரி.

கேபிள் மட்டம் என்றாள் அக்கா. சிங்கப்பூரில் உசத்தியான மைக் கேபிள் கிடைக்கும், தம்பியிடம் சொல்லி வாங்குங்கள் என்றாள். உங்கள் கூட்டாளி லிம்மும் அவள் பக்கம்தான். நீங்கள் மசியவில்லை. உங்கள் கையால் பற்றவைத்த கேபிள், பல தடவை சோதித்துப் பார்த்தது, அதில் ஒரு குறையும் இல்லை என்று ஒரே பிடியாக நின்றீர்கள். ஒழுங்காகச் செய்த கேபிளுக்கு மேல் எவ்வளவு விலை கொடுத்தாலும் குரல் மாறாது என்றீர்கள். அப்படியென்றால் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றீர்கள்.

அப்போது அவள் சொன்ன வார்த்தை எனக்கும் கேட்டது. “ஊராள் கல்யாணத்துக்குச் செலவு பண்ணுவீங்க. என் குரலுக்கு மட்டும் மனசு வராது.”

நீங்கள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்த வாரமே ரெங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். லிம்தான் போன் செய்தான். நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா பாடவே இல்லை, மச்சான். பள்ளியில்கூட மற்ற ஆசிரியைகளைப் பாடவிட்டு ஓரமாக நின்று கைதட்டுவாளாம். இரண்டு பாட்டு பாக்கி கிடந்தது. யாரும் அந்த அறைக்கதவைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் திரும்பாமலே சொன்னாள், “அந்தப் பேச்ச நான் பேசியிருக்கவே கூடாது, தம்பி.”

இந்த வருஷம் பாலர் பள்ளித் தலைமையாசிரியை அந்தப் பாட்டுகளைக் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். லிம்மும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். உசத்தியான கேபிளை வாங்கிவிடுவோம், இரைச்சல் போய்விடும், அக்கா பாடிவிடுவாள். உங்களுக்கு எதிராகக் கட்சி மாறியதாக நினைக்காதீர்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி வரும்போது நான்தான் வாங்கிவந்தேன். விரல் பருமன், மேலே பின்னல் உறை, பார்க்கவே அழகு.

ஞாயிற்றுக்கிழமை காலை அறையைத் திறந்தோம். அக்கா குளித்துவிட்டு வந்து, பாடுவதற்கு முன் எப்போதும் செய்கிற மாதிரி, சாமி மேடையில் வண்ண விளக்குச் சரத்தைப் போட்டாள். அது கண்சிமிட்டத் தொடங்கியது. கும்பிட்டுவிட்டு மைக் முன்னால் நின்றாள். லிம் தலையாட்டினான். நான் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

அதே வண்டு, மச்சான். கொஞ்சமும் குறையவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. “அப்போ கேபிள் இல்ல,” என்றாள். “அவரப் போய் அப்படிப் பேசிட்டேனே.” போதும், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் மேடை விளக்கை அணைத்தாள்.

என் காதில் சத்தம் நின்றது. அப்படி ஓர் அமைதியை அந்த அறையில் நான் கேட்டதே இல்லை.

“அக்கா, அந்த லைட்ட மறுபடியும் போடு,” என்றேன்.

அழுகிற நேரத்தில் இவன் என்ன விளையாடுகிறான் என்கிற மாதிரி பார்த்தாள். போட்டாள். வண்டு வந்தது. அணைத்தாள். போனது. ஹெட்ஃபோனை லிம் பிடுங்கிக் கேட்டான். குனிந்து விளக்கின் ஒயரைத் தடவிக்கொண்டே போனான். விளக்குச் சரமும் உங்கள் பதிவுப் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகியிருந்தன. மின்னி மின்னி எரிய வைக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான் கரண்டைக் கலக்கி, சத்தத்தைப் பதிவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

நீங்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அக்கா பள்ளிக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து தேடுவீர்கள். அப்போது மேடை விளக்கு எரியாது. அவள் பாட வரும்போதுதான் எரியும். நீங்கள் தேடிய நேரமெல்லாம் சத்தமே இல்லை. அவள் பாடிய நேரமெல்லாம் சத்தம் இருந்தது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்குக் கேட்டதும் நிஜம்,” என்றாள் மெதுவாக. “அவரு சொன்னதும் நிஜம்.”

அதோடு விட்டிருக்கலாம். லிம் விடவில்லை. உங்கள் பழைய கேபிளையும் எடுத்துவரச் சொன்னான். அக்காவையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு, சீனன் என்றாலும் தமிழ்க்கார நண்பர்களோடு வளர்ந்தவன் அல்லவா, பிள்ளைகள் பாட்டில் ஒரு வரியைத் தானே பாடி, கேபிளை மாற்றி மாற்றிப் பதிவு செய்தான். நாங்கள் உள்ளே வந்து கேட்டோம். எது எது என்று சொல்லமாட்டேன் என்றான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, இது புதுசு, இது அவருது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் சொன்னேன். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அதே கதைதான். இதுதான் உசத்தி, குரல் எவ்வளவு இழைகிறது பார் என்று அக்கா அடித்துச் சொன்னது நீங்கள் பற்றவைத்தது.

லிம் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான். “நான் தோத்துட்டேன் லா,” என்றான்.

அக்கா சிரித்தாள், மச்சான். நீங்கள் போன பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விளக்கு இல்லாமல் அவளால் பாட முடியாதே. எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்தாள். உங்கள் கேபிளைத்தான் மாட்டினேன். பாக்கியிருந்த இரண்டு பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். பழைய பாட்டுகளையும் மறுபடி பாடுகிறேன் என்று அவளே கேட்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளில் பாடினாள். புதுக் கேபிளும் வீணாகவில்லை. ஆட்கள் மிதிக்கிற மேடை வேலைக்கு அதன் தடித்த உறை தோதாக இருக்கிறது என்று லிம் எடுத்துக்கொண்டான்.

போன வாரம் பள்ளி மண்டபத்தில் வெளியீடு. பிள்ளைகள் ஒலிபெருக்கியையே மிஞ்சிப் பாடினார்கள். பெற்றோர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு தாய் வந்து, ஜொகூர் பாருவில் எந்த ஸ்டூடியோவில் செய்தீர்கள், இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்று கேட்டார்.

“எங்க வீட்டு நடு ரூம்லதான்,” என்றாள் அக்கா. “எல்லாம் என் வீட்டுக்காரர் அமைச்சு வெச்சது.”

அதைச் சொன்னபோது அவள் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்களா?

செடெனாக்கிலிருந்து ஒரு பாலர் பள்ளிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் பதிவு செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள், என்னைக் கேட்காமலே. இனி என் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குத்தான். மெத்தையை நான் சாய்ப்பேன், காற்றாடியை நான் நிறுத்துவேன், வேர்வையும் எனக்கே. அவள் பாட நினைக்கிற நாளில் கேட்க ஆள் இல்லாமல் போகாது, மச்சான். இது என் வாக்கு.

உங்கள் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்து, உங்களுக்கும் தம்பியாகவே வளர்ந்த
குமரன்