ஏணியைப் பிடிப்பவர் சொல்

பிப். 17, செவ்வாய்

காலையில் மூடுபனி. ஏரி தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. இரத்த அழுத்த மாத்திரை பத்து நாளைக்கே உள்ளது.

எஸ்டேட் மேனேஜரிடமிருந்து ஒப்பந்த வரைவு. மிளகு அறுவடையை வாழவந்தி ஊர்த் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அளிப்பதா, சேலத்துக் கான்டிராக்டருக்கு அளிப்பதா? எஸ்டேட்டின் வழக்கறிஞன் என்ற முறையில் என் கருத்து எழுத்தில் வேண்டுமாம், அடுத்த செவ்வாய்க்குள். சங்கத்துக்குக் கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு குடும்பங்கள் கட்டட வேலை தேடி மலையிறங்க வேண்டியதுதான்.

சங்கம் பிடிவாதமாகக் கேட்பது பிரிவு 9: "மரத்தில் ஏறலாமா என்பதில் ஏணியைப் பிடிப்பவரின் சொல்லே முடிவு." காரணம் கூற வேண்டியதில்லை. மேல்முறையீடும் இல்லை. இவ்வளவு அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே கிடையாது.

ஐயம்: வேறு பெயரில் வேலைநிறுத்தமோ?

பிப். 18, புதன்

சங்கச் செயலாளர் ஸ்டெல்லா வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கேட்காமலே ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்சிக்காரரின் எதிர்த்தரப்பிடம் ஆரஞ்சும் வாங்கலாகாது.

"ஏறுகிறவரே முடிவு செய்யலாமே?" என்றேன்.

"ஏறுறவனக் கேட்டா ஏறலாம்னுதானுங்க சொல்லுவான். நாலு பேரு பாக்கறப்ப எவனுங்க சார் பயமா இருக்குதும்பான்? எங்கண்ணனும் அப்புடித்தான் சொன்னான். கான்டிராக்டர் காலத்துல. இப்ப கிளியூர்ல ஊட்டுக்குள்ளயே கெடக்கறான், இடுப்புக்குக் கீழ உசுரில்ல."

ஏறாத நாளில், மரத்துக்கு இவ்வளவு என்று தரும் மரக்கூலி யாருக்கும் கிடையாது, ஏணியைப் பிடிப்பவருக்கும் கிடையாது என்றும் சொன்னார். சங்க விதியில் அவ்வாறே உள்ளது, சரிபார்த்தேன். அப்படியானால் நிறுத்துவதில் ஆதாயம் யாருக்கு? விளங்கவில்லை. விளங்காதது ஆதாயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பிப். 20, வெள்ளி

மேனேஜர் தொலைபேசியில்: "பத்தாம் தேதி சங்கத்துல குடிதண்ணி டேங்க் கேட்டாங்க. முடியாதுன்னேன். அப்புறம் மூணு நாள் தொடர்ந்து ஏறல. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. இது தற்செயலா சார்?"

சங்கத்தார் சோதனை முறையில் வேலை செய்வது மேற்குச் சரிவில் மட்டுமே. அந்த மூன்று நாள்களுக்கும் இதே நாட்குறிப்பைப் புரட்டினேன். 11: மூடுபனி. 13: தூறல், குடை மறந்தேன். 12: "நல்ல வெயில். போர்வைகளைக் காயப்போட்டேன்."

என் கையெழுத்தேதான். பன்னிரண்டாம் தேதிக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பிப். 21, சனி

தனியாக மேற்குச் சரிவுக்குப் போனேன். முழங்கால் வலி. காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் உச்சிவரை மிளகுக்கொடி. ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கிளைகளை வெட்டிவிட்ட கணுக்களே படிகள்.

பிடித்திருந்தவர் மாதம்மாள். ஏற நின்றவர் அவர் கணவர் சேர்வராயன். அந்த அம்மாள் கொடிக்குள் கையை விட்டு மரப்பட்டையைத் தடவினார்.

"வேண்டாம். அடுத்த மரம்."

"வக்கீலு வந்திருக்கறாருன்னு சட்டம் பேசறா பாருங்க," என்றார் கணவர். "ஊட்லதான் இவ சொல்லு, இங்கயுமா?"

"ஊட்ல உளுந்தா பாய்ல உளுவே. இங்க உளுந்தா யாரு சாமி அள்ளறது?"

சுற்றி நின்ற சங்கத்தார் எல்லோரும் சிரித்தார்கள். எனக்காக நடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். குறித்துக்கொண்டது: கான்டிராக்டரின் ஆட்கள் அறுத்த பழைய சரிவில் கொடிகள் கிழிந்து தொங்குகின்றன. அவை இனி இரண்டு வருடம் காய்க்காது என்கிறார்கள். இவர்கள் அறுத்த மரங்களில் கொடி அப்படியே இருக்கிறது. இதை எவரும் எனக்காக நடித்திருக்க முடியாது.

பிப். 23, திங்கள்

முன்னறிவிப்பில்லாமல் மேனேஜருடன் போனேன். பளிச்சென்ற வெயில், பன்னிரண்டாம் தேதியைப் போலவே. மணி 8.20. மாதம்மாள், "இன்னம் ஒரு மணி நேரம் ஆவட்டுங்க," என்றார்.

மேனேஜர் வெடித்தார். "சார், பாத்தீங்களா? வெயில் இப்புடிக் கொளுத்துது! வேஷம்!"

"ஏனுங்க, அப்ப நீங்களே புடிங்க," என்றார் மாதம்மாள். கோபமே இல்லை. "நீங்க ஏறலாம்னா அவரு ஏறுவாரு. புடிக்கறவங்க சொல்லுதானுங்க."

மேனேஜர் கழுத்து வலி என்றார். சங்கத்தார் பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பிடித்தேன். முப்பத்தொரு வருடத் தொழிலில் முதல் முறை. சேர்வராயன் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கணுவில் காலை வைத்தார். அவர் எடை மூங்கில் வழியாக என் மணிக்கட்டில் இறங்கியது. அண்ணாந்து பார்த்தேன், உச்சியில் வெயில். கொடிக்குள் கையை விட்டேன். உள்ளே பட்டை குளிர்ந்து, வழுவழுவென்று ஈரம். இந்தச் சரிவுக்கு வெயில் மேலிருந்து மெல்லத்தான் இறங்குகிறது. முந்தின நாள் மூடுபனியில் ஊறிய பட்டை பன்னிரண்டாம் தேதி மாலை வரை காய்ந்திராது. என் போர்வைகள் காய்ந்தது மொட்டைமாடியில்.

"ஏறட்டுங்களா சார்?"

நான் இதுவரை அளித்த எல்லாக் கருத்துகளிலும் "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருக்கும். இங்கே அதைச் சேர்க்க இடமில்லை.

"இறங்குங்க," என்றேன்.

திரும்பும் வழியில் ஜீப்பில் மேனேஜர், "உங்களையும் கையில போட்டுக்கிட்டாங்களா சார்?"

அவர் நிலையில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

பிப். 24, செவ்வாய்

மூடுபனி. கருத்துரையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பக்கம். சாரம்: பிரிவு 9-ஐ ஏற்கலாம். ஏற்காமல் கான்டிராக்டரை அமர்த்தி எவரேனும் விழுந்தால், முதன்மை வேலையளிப்பவர் என்ற பொறுப்பு எஸ்டேட்டைச் சேரும். அந்தச் சரிவில் ஏறலாகாது என்று எஸ்டேட்டின் வழக்கறிஞனே சொன்னதற்கு நேற்றுப் பதினொரு சாட்சிகள்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "பதினொண்ணா?"

"நீங்கள் பன்னிரண்டாவது."

பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன். 11.05-க்குச் சங்கத்துடனான ஒப்பந்தத்தில் கையெழுத்து. குடிநீர்த் தொட்டியை ஸ்டெல்லா மறுபடி கேட்கப்போகிறாராம். அது வேறு விவகாரம்.

வீடு திரும்பியதும் கை கழுவினேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது; எழுதி வைப்பதே முறை. நேற்று மூங்கிலைப் பற்றியபோதே என் உள்ளங்கை வியர்த்திருந்தது. அதன் பிறகுதான் பட்டையைத் தொட்டேன். ஈரம் மரத்தினுடையதா, என்னுடையதா, நிரூபிக்க வழியில்லை.

எதுவாயினும் இறங்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.