அன்பு அரைத்த சாக்லேட்டு

அன்பு மகன் தமிழ்மணிக்கு அம்மா எழுதறது. நீ வடக்க மோர்பி டைல்ஸ் கம்பெனியில வேளைக்குச் சாப்பிட்டு ஒடம்ப நல்லபடியா வச்சிருக்கணும்னு கொளஞ்சியப்பர் சாமிய வேண்டிக்கறேன். இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுத இந்தத் தடவ மனசு வரல. ஒந் தங்கச்சி அன்பு வழுக்கி வுழுந்து கைய ஒடச்சிக்கிட்டான்னு போன்ல சொன்னேனே, அது பொய்யி. அவ பக்கத்துல உக்காந்திருந்தா, எனக்கு வேற சொல்ல வாய் வரல. நடந்தத எழுதறேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் எந்திரி.

மாப்பிள்ள சாமிதுரை கம்பெனி சாக்லேட்ட வண்டியில எடுத்துட்டுப் போயி கடைகடையாப் போடறது ஒனக்குத் தெரியும். அன்பு, செராமிக் கம்பெனியில பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிச்சிட்டு வந்து, பொள்ளாச்சியில இருந்து கோக்கோ கொட்டைய வரவழைச்சி, வறுத்து, தோலு பொடச்சி, நாட்டுச்சக்கரை போட்டு கிரைண்டர்ல ராவும் பகலும் ஓடவுட்டு அவளே சாக்லேட்டு செய்ய ஆரம்பிச்சா. கம்பெனி சாக்லேட்டு வெறும் தித்திப்புடா, மேலண்ணத்துல மெழுகாட்டம் ஒட்டிக்கும். இவ செய்யறது பட்டுன்னு ஒடியும், மொதல்ல கசக்கும், கொஞ்சம் புளிக்கும், அப்புறம் வறுத்த வாசனையோட நாக்குல மெதுவாக் கரையும். ஒரு துண்டு தின்னா அன்னைக்கெல்லாம் வாய் மணக்கும். ஒங்கப்பாவே டீயக் குடிக்காம வச்சிட்டு அதத் தின்னாருன்னா பாத்துக்க.

நல்லூர்ல மாப்பிள்ளையோட அண்ணன் வூட்டுக் காதுகுத்துக்கு ரெண்டு பேரும் போயிருந்தாங்க. நான் அன்பு வூட்டுல கொட்டை வறுத்துக்கிட்டு இருந்தேன். காதுகுத்துல ஒரு தட்டுல இவன் கம்பெனி சாக்லேட்டு, ஒரு தட்டுல அவளுது. புள்ளைங்க எல்லாம் அவ தட்ட காலி பண்ணிட்டு இவனோடதத் தொடவே இல்லையாம். ஒன் சரக்கு ஒம்பொண்டாட்டிகிட்ட தோத்துடுச்சேன்னு எவனோ சிரிச்சிருக்கான். அவ்வளவுதான் தம்பி, வேற ஒண்ணுமே இல்ல.

பஸ்ஸ வுட்டு எறங்கி வூட்டுக்குள்ள கால் வச்சதும் அவ முடியப் புடிச்சி செவுத்துல மோதினான். நெத்தி கிழிஞ்சி ரத்தம் கண்ணுல எறங்குது. பீங்கான் தட்டு எல்லாத்தையும் அவ மேலயே வீசி ஒடச்சான். எந்தக் கைடி அரைச்சுதுன்னு கேட்டு, கிரைண்டர் கல்ல எடுத்து அவ எடது கையில போட்டான். வெரலு ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது. மறுபடியும் கல்லத் தூக்கினான். அடுப்புல இருந்த இரும்புச் சட்டிய, சுடச்சுடக் கொட்டையோட அப்படியே தூக்கி அவன் தோள்ல அடிச்சேன். கழுத்து வரைக்கும் வெந்துபோச்சி. கத்திக்கிட்டே வாசல்ல போயி வுழுந்தான். பக்கத்து வூட்டு ஆதிலட்சுமிதான் ஓடியாந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னா.

இப்ப அன்பு நம்ம வூட்டுல இருக்குது. வெரலுக்குக் கம்பி வச்சிருக்காங்க. அவன் ஆளுங்க வந்து, போயும் போயும் ஒரு மிட்டாய்க்காக குடும்பத்தக் கெடுத்துக்கணுமா, கூட அனுப்புங்கன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவளே வெளிய வந்து, மிட்டாய்க்கே கைய ஒடச்சவன், சோத்துல உப்பு கொறஞ்சா கழுத்த அறுப்பான், நான் வரலன்னு சொல்லிட்டா. அப்பா எந்திரிச்சிப் போயி வாசல் கேட்டத் தொறந்து வுட்டாரு. அவங்க போயிட்டாங்க. நேத்து ஒரு கையாலயே கொட்டைய எடுத்து வெயில்ல பரப்பினா, நான் தடுக்கல.

நீ வா, ஆனா அவனத் தேடிப் போகாத. ஒரு வூட்டுக்கு இந்த அடிதடியே போதும். எம்மேலயும் அவன் போலீசுல புகார் குடுத்திருக்கான். சட்டி கை தவறி வுழுந்துடுச்சின்னு சொல்லிடுங்கம்மான்னு நமக்காகப் பேசற வக்கீலம்மா சொல்லிக் குடுக்கறாங்க. கை தவறல தம்பி. பாத்துதான் அடிச்சேன், அப்படியேதான் சொல்லப்போறேன்.

சூளைகிட்ட நிக்கும்போது மூக்குல துணி கட்டிக்க, மறக்காத. நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ஒங்கம்மா திரௌபதி,
விருத்தாசலம்.